வாதம் என்றால் எந்த வாதம்?

காலை ஏழு மணிக்கு ஊரிலிருந்து போன் வந்தால் இரண்டே காரணம்தான் இருக்கும். ஒன்று, கல்யாணத் தேதி குறித்திருப்பார்கள். இன்னொன்றை நான் சொல்ல வேண்டியதில்லை. மூன்று வருஷத்துக்கு முன்னால் சோமனூரிலிருந்து வந்த போன் இந்த இரண்டிலும் சேராத மாதிரிதான் இருந்தது.

"ஏனுங்ணா, அப்பாவுக்கு வாதம்ங்கறாங்க. என்னங்ணா பண்றது?"

பேசியது என் பெரியப்பா மகன். நான் பத்திரிகையில் வேலை பார்ப்பதால் எனக்கு எல்லாம் தெரியும் என்பது எங்கள் சொந்தபந்தத்தின் அசைக்க முடியாத நம்பிக்கை. பி.காம். படித்தவனிடம் இன்கம்டாக்ஸ் கேட்டாலாவது நியாயம். வைத்தியம் கேட்பார்கள். நானும் சளைக்காமல் சொல்வேன். அன்றும் பல் தேய்த்துக்கொண்டே, அனுபவஸ்தன் குரலில் சொன்னேன்: "நல்ல ஆர்த்தோ டாக்டர் ஒருத்தரைப் பாரு. வயசானா வரத்தானே செய்யும்?"

வாதம் என்றதும் என் மண்டைக்குள் வந்து நின்றது முடக்குவாதம். என் அம்மாவுக்கு அது இருக்கிறது. மூட்டு வலி, வீக்கம், காலையில் விரல் மடக்க முடியாது. சோமனூரில் நடந்திருந்ததோ வேறு. பெரியப்பா எட்டுத் தறிக்காரர். காலை ஆறரை மணிக்கு, பாவில் அறுந்த இழையை எடுத்து முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தவரின் வலது கை பொத்தென்று விழுந்திருக்கிறது. வாய் ஒரு பக்கம் கோணியது. என்னவோ சொல்ல வந்தார், குழறியது. பக்கத்துக் குடோன்காரர் ஓடிவந்து பார்த்து "பக்கவாதம்" என்று சரியாகத்தான் சொன்னார். போனில் வருவதற்குள் அந்தப் 'பக்கம்' எங்கோ உதிர்ந்து வெறும் வாதமாக வந்து சேர்ந்தது.

ஆர்த்தோ டாக்டர் பத்து மணிக்குத்தான் வருவார். காத்திருந்தார்கள். வந்தவர் பெரியப்பாவைப் பார்த்த மாத்திரத்தில் நாற்காலியை விட்டு எழுந்து, "இவரை எதுக்குய்யா இங்க கொண்டாந்தீங்க?" என்று சத்தம் போட்டு கோயம்புத்தூருக்கு விரட்டினார். அவிநாசி ரோடு டிராஃபிக்கைத் தாண்டி ஸ்கேன் எடுத்து முடிக்கும்போது மணி பதினொன்றே முக்கால். மூளையின் ரத்தக் குழாயை அடைத்திருக்கும் கட்டியைக் கரைக்க ஓர் ஊசி இருக்கிறது. அதற்குக் கெடு நாலரை மணி நேரம். ஆறரையும் நாலரையும் பதினொன்று. முக்கால் மணி நேரம் லேட். இந்தக் கூட்டலுக்கு பி.காம். தேவையில்லை.

ஊசி போட்டிருந்தால் பெரியப்பா எழுந்து நடந்திருப்பார் என்று யாரும் உத்தரவாதம் தரமாட்டார்கள். ஒரு வாய்ப்பு இருந்தது, அவ்வளவுதான். அந்த வாய்ப்பை ஒரு வார்த்தையும் நானும் சேர்ந்து சாப்பிட்டுவிட்டோம்.

ஆகவே இந்த வாரம் வார்த்தை விமர்சனம். படத்தை விமர்சனம் செய்கிறோம், புத்தகத்தைச் செய்கிறோம், வார்த்தையைச் செய்தால் என்ன? என் அளவுகோல் ரொம்ப சிம்பிள். வார்த்தை காதில் விழுந்ததும், வீட்டில் இருப்பவருக்கு அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று புரிகிறதா? புரிந்தால் பாஸ்.

'வாதம்' ஃபெயில். அதுவும் கூட்டத்தோடு ஃபெயில். பட்டியலைப் பாருங்கள். பக்கவாதம், மூளைக்கு ரத்தம் போகாமலோ அங்கே ரத்தம் கசிந்தோ வருவது. முகவாதம், முகத்துக்கு வரும் ஒரே ஒரு நரம்பில் கோளாறு. பார்க்கப் பயமாக இருந்தாலும் பெரும்பாலும் சில வாரங்களில் சரியாகிவிடும். இளம்பிள்ளை வாதம், வைரஸ் கிருமி தண்டுவடத்தைத் தாக்குவது. அதாவது போலியோ. 2014-ல் இந்தியாவில் அது ஒழிந்துவிட்டதென்று சான்றிதழே கொடுத்தாயிற்று. நடுக்குவாதம், பார்க்கின்சன் என்கிறோமே அது. முடக்குவாதம், உடம்பின் எதிர்ப்புச் சக்தி தன் மூட்டுகளையே எதிரியாக நினைத்து அடிப்பது. கீல்வாதம், மூட்டுத் தேய்மானம் முதல் மூட்டு சம்பந்தப்பட்ட எதற்கும். மூளை, நரம்பு, தண்டுவடம், மூட்டு எல்லாம் ஒரே குடும்பப் பெயரில். பிடிவாதமும் விதண்டாவாதமும்தான் பாக்கி.

வார்த்தையைப் படைத்தவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. சித்த மருத்துவத்தில் வாதம், பித்தம், கபம் என்பது ஒரு முழு ஏற்பாடு. வாத நோய்களையே எண்பதாக வகுத்து வைத்திருக்கிறார்கள். அந்த ஏற்பாட்டுக்குள் அது ஒழுங்கான சொல். நாம் என்ன செய்தோம் என்றால், ஏற்பாட்டை விட்டுவிட்டுச் சொல்லை மட்டும் இங்கிலீஷ் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தோம். இங்கிலீஷும் ஒன்றும் யோக்கியமில்லை. 1817-ல் லண்டன் டாக்டர் ஜேம்ஸ் பார்க்கின்சன் அந்த நோயைப் பற்றி எழுதியபோது அவர் வைத்த பெயரும் 'ஆட்டம் காட்டும் வாதம்' என்கிற பொருளில்தான். 'ஸ்ட்ரோக்' என்றால் அடி. யார் அடித்தது, எங்கே அடித்தது என்று அந்த வார்த்தை சொல்லாது. நம் ஊரில் பாதிப் பேர் ஸ்ட்ரோக் என்றால் நெஞ்சைத்தான் பிடித்துக்கொள்கிறார்கள்.

சரி, ரிப்போர்ட்டுக்கு வருவோம். அன்று மதியம் நான் பஸ் பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது வார்டு வாசலில் சொந்தக்காரர்கள் பதினோரு பேர் நின்று ஸ்கேன் ரிப்போர்ட்டை ரேஷன் கார்டு மாதிரி கைமாற்றிக்கொண்டிருந்தார்கள். அதில் இருந்தது ஒரே வரி. 'அக்யூட் இன்ஃபார்க்ட், லெஃப்ட் எம்.சி.ஏ. டெரிட்டரி.' அதற்குக் கீழே 'ரைட் ஹெமிபிளீஜியா வித் அஃபேசியா'. என்னிடம் நீட்டினார்கள். ஏழு மணிக்குத் தெரிந்த வைத்தியமெல்லாம் அப்போது எனக்கு மறந்து போயிருந்தது.

பிறகு ஒரு இளம் டாக்டர் பொறுமையாகச் சொல்லி, நான் வீட்டுக்கு வந்து படித்து, எனக்குப் புரிந்த பாஷையில் இது. பி.ஏ.பி. வாய்க்காலை நினைத்துக்கொள்ளுங்கள். பெரிய வாய்க்கால், அதிலிருந்து கிளை, கிளையிலிருந்து வயல். எம்.சி.ஏ. என்பது மூளைக்குப் போகும் ஒரு பெரிய கிளை வாய்க்கால். டெரிட்டரி என்றால் அதன் ஆயக்கட்டு. மடையில் குப்பை அடைத்துக்கொண்டது. மடைக்கு நேர் கீழே உள்ள பயிர் காய்ந்தே விட்டது. அதுதான் இன்ஃபார்க்ட். அதைச் சுற்றி இன்னும் கொஞ்சம் பயிர் வாடித் தலை தொங்கி நிற்கும், ஆனால் சாகவில்லை. சீக்கிரம் தண்ணீர் விட்டால் பிழைக்கும். எல்லா அவசரமும் அந்த வாடின பயிருக்காகத்தான். பெரிய குழாய் அடைபட்டால் நிமிஷத்துக்குச் சுமார் பத்தொன்பது லட்சம் மூளைச் செல்கள் போகின்றன என்று 2006-ல் ஒரு நரம்பியல் டாக்டர் கணக்குப் போட்டிருக்கிறார். முக்கால் மணி நேரத்துக்கு எவ்வளவு என்று நான் பெருக்கிப் பார்த்தேன். நீங்கள் பார்க்க வேண்டாம்.

இன்னொரு வகை உண்டு. அடைப்பு இல்லை, உடைப்பு. வாய்க்கால் கரை உடைந்து தண்ணீர் வயலுக்குள் பாய்கிறது. வெளியில் இருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுதான், அதே கை விழுவது, அதே வாய் கோணுவது. வைத்தியம் மட்டும் நேர் எதிர். அடைப்புக்குக் கொடுக்கும் மருந்தை உடைப்புக்குக் கொடுத்தால் வெள்ளம் இன்னும் ஏறும். அதனால்தான் ஸ்கேன் எடுக்காமல் டாக்டர் கை வைக்க மாட்டார். வீட்டிலேயே யாரோ சொன்னார்கள் என்று ஆஸ்பிரினை வாயில் போடக் கூடாது என்பதும் அதனால்தான். முகம் கோணுகிறதா, ஒரு கை இறங்குகிறதா, பேச்சு குழறுகிறதா? ஒன்று இருந்தாலும் 108-க்கு போன். கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். ஆஸ்பத்திரியில் முதலில் கேட்கும் கேள்வி அதுதான். நாலரை மணி தாண்டினாலும் போங்கள். சிலருக்கு இருபத்து நாலு மணி நேரம் வரைகூடக் குழாய் விட்டுக் கட்டியை எடுக்கிறார்கள்.

இந்த விளக்கமெல்லாம் பிறகு வந்தது. அன்று வார்டு வாசலில் ரிப்போர்ட்டுக்கு உரை எழுதியவன் பெரியப்பாவின் பேரன், காலேஜ் பையன். "தாத்தாவுக்கு மெடுல்லா ஆப்லங்கேட்டால அடைப்புங்களா பெரியப்பா?" என்றான் என்னிடம்.

சிரிப்பு வரவில்லை, ஆனால் எங்கே படித்தான் என்று கேட்கவும் தோன்றவில்லை. தமிழ்நாடே படித்த இடத்தில்தான். 2012-ல் வந்த 'நடுவுல கொஞ்சம் பக்கத்த காணோம்'. கிரிக்கெட்டில் கேட்ச் பிடிக்கப் போய் பின்மண்டையில் அடிபட்ட மாப்பிள்ளைக்குக் கல்யாணப் பெண்ணையே மறந்து போய்விடும். ஒளிப்பதிவாளர் பிரேம்குமாரின் வாழ்க்கையில் நிஜமாக நடந்த சம்பவத்தை வைத்து பாலாஜி தரணீதரன் எடுத்த படம். எனக்கு ரொம்பப் பிடித்த படம் என்பதால் உரிமையோடு சொல்கிறேன். அந்தப் படம் பிரபலமாக்கிய வார்த்தை தப்பு. மெடுல்லாவுக்குத் தமிழில் முகுளம் என்று பெயர். தமிழ் மீடியத்தில் படித்த எந்தப் பையனும் சொல்வான், முகுளத்தின் வேலை மூச்சும் இதயத் துடிப்பும் என்று. அங்கே பலமாக அடிபட்டால் கல்யாணத்தைப் பற்றி யாரும் கவலைப்பட வேண்டியிருக்காது. ஞாபகத்துக்கான இடம் வேறு. காதுக்கு உள்பக்கமாக, மூளையின் ஆழத்தில், கடல்குதிரை மாதிரி வளைந்த ஒரு பகுதி. அதற்குப் பெயரே கிரேக்க மொழியில் கடல்குதிரைதான், ஹிப்போகேம்பஸ்.

வார்த்தைக்கு மார்க் குறைத்தாலும், நோயைக் காட்டிய விதத்தில் நம் சினிமாவில் இதற்கு இணை நான் பார்க்கவில்லை. அடிபட்டவர் பார்க்க நன்றாக இருக்கிறார், நடக்கிறார், பேசுகிறார். அதே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார். நண்பர்களைத் தெரிகிறது, சமீபத்தில் வந்தவளைத் தெரியவில்லை. எல்லாம் சரி. கணக்குப்பிள்ளை பாஷையில் சொன்னால், பழைய கணக்கெல்லாம் லெட்ஜரில் ஏறிவிட்டது. புதுசு இன்னும் வவுச்சராக மேஜை மேல் கிடக்கிறது. காற்றடித்தால் எது பறக்கும்? பிறகு மற்றவை திரும்பினாலும் அடிபட்ட அந்தச் சில மணி நேரம் மட்டும் பெரும்பாலும் திரும்பாது. ஏனென்றால் அது எழுதப்படவே இல்லை. டைட்டிலிலேயே நோயை விளக்கிய ஒரே தமிழ்ப் படம் இதுவாகத்தான் இருக்கும்.

'கஜினி' (2005) நேர் எதிர்க் கேஸ். அதன் வார்த்தை ஊரெங்கும் பரவியது, அர்த்தம் தலைகீழாக. ஷார்ட் டெர்ம் மெமரி லாஸ்! சாவியைத் தொலைத்தால்கூட இதைத்தான் சொல்கிறோம். பதினைந்து நிமிஷம் சூர்யா பேசுவார், துரத்துவார், அடிப்பார். அப்படியென்றால் அவருடைய ஷார்ட் டெர்ம் மெமரி கல்லு மாதிரி இருக்கிறது. போனது வவுச்சரை லெட்ஜரில் ஏற்றும் கிளார்க். அமெரிக்காவில் ஹென்றி மொலைசன் என்று ஒருவர் இருந்தார். வலிப்பு நிற்பதற்காக 1953-ல் அந்தக் கடல்குதிரைப் பகுதியை இரண்டு பக்கமும் எடுத்துவிட்டார்கள். வலிப்பு குறைந்தது, புது ஞாபகம் அதோடு போனது. பிரெண்டா மில்னர் என்ற ஆராய்ச்சியாளர் பல வருஷம் அவரைப் போய்ப் பார்த்தார்; ஒவ்வொரு தடவையும் அவருக்கு அது முதல் சந்திப்பு. ஆனால் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே நட்சத்திரம் வரையும் பயிற்சி கொடுத்தபோது, நாளுக்கு நாள் நன்றாக வரைந்தார். பயிற்சி எடுத்ததே அவருக்கு ஞாபகம் இல்லை, கைக்கு ஞாபகம் இருந்தது. 2008-ல் இறக்கும்வரை இப்படித்தான். 'கஜினி'யின் எந்தச் சண்டையையும்விட எனக்கு இது திகிலாக இருக்கிறது.

வலிப்பு வந்தவர் கையில் இரும்புச் சாவியைத் திணிக்கும் சினிமா சீன்களைப் பற்றித் தனியாகவே ஒரு வாரம் எழுதலாம். இப்போதைக்கு: சாவி வேண்டாம், வாயில் ஸ்பூன் வேண்டாம், ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், ஐந்து நிமிஷத்துக்கு மேல் போனால் ஆம்புலன்ஸ்.

தூய தமிழில் பெயர் வைத்தால் தீருமா என்று தமிழாசிரியர் ஒருவர் என்னிடம் கேட்டார். அதையும் ஒருவர் செய்து பார்த்திருக்கிறார். 1847-ல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க டாக்டர் சாமுவேல் கிரீன், மானிப்பாயில் உட்கார்ந்து தமிழிலேயே இங்கிலீஷ் வைத்தியம் சொல்லிக்கொடுத்தார். கிரேயின் உடற்கூறு நூலை 1872-ல் 'மனுஷ அங்காதிபாதம்' என்று கொண்டுவந்தார். அந்த உழைப்பை நினைத்தால் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது. ஆனால் அங்காதிபாதம் என்றால் இன்று உங்களுக்கு என்ன புரிகிறது? அங்கப்பிரதட்சணம் மாதிரி கேட்கிறது. என் அளவுகோலில் அதற்கும் மார்க் கிடையாது.

நூற்றுக்கு நூறு வாங்கும் ஒரு வார்த்தை தமிழில் இருக்கிறது: மூளைச்சாவு. 2008-ல் ஒரு டாக்டர் தம்பதி, விபத்தில் அடிபட்ட தங்கள் மகனின் உறுப்புகளைத் தானம் செய்தார்கள். அந்த வாரம் டீக்கடை பெஞ்சு வரைக்கும் அந்த வார்த்தை போய்ச் சேர்ந்தது. கோமா வேறு, இது வேறு. கோமாவிலிருந்து திரும்பலாம், இதிலிருந்து திரும்ப முடியாது, நெஞ்சு ஏறி இறங்குவது மெஷினால். இவ்வளவையும் ஒரே சொல் சொல்லிவிடுகிறது, ஏனென்றால் 'சாவு' என்று சொல்ல அது கூச்சப்படவில்லை. 'சென்னையில் ஒரு நாள்' (2013) மாதிரி ஒரு படம் ஓடியதற்கு அந்தச் சொல்லை ஜனங்கள் ஏற்கெனவே படித்து வைத்திருந்ததும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். மற்றப் படங்களில் கோமா பேஷன்ட் விரலை ஆட்டுவதற்கு ஒரு சோகப் பாட்டு தேவைப்படுகிறது.

ஆனால் பெரியப்பாவின் ரிப்போர்ட்டில் இருந்த கடைசி வார்த்தைக்கு இப்படி ஒரு தமிழ் கிடைக்கவில்லை. அஃபேசியா. டிஸ்சார்ஜ் சம்மரி நாலு பக்கமும் இங்கிலீஷ். யாரோ "பேச்சு போயிருச்சு" என்றார்கள். இன்னொருவர் "புத்தியும் கலங்கிருச்சு" என்றார். பேரன் "கஜினி மாதிரிங்க" என்று முடித்தான். பெரியப்பா வாயில் வந்தது ஒரே ஒரு வார்த்தை, "போச்சு". தண்ணீர் வேண்டுமா என்றாலும் போச்சு, வலிக்கிறதா என்றாலும் போச்சு. கூலி ஒப்பந்தப் பேச்சுவார்த்தைக்கு கலெக்டர் ஆபீஸ் போய் மீட்டருக்கு இத்தனை பைசா என்று மேஜையைத் தட்டிப் பேசிய மனுஷன். அவர் கட்டிலுக்குப் பக்கத்திலேயே நாற்காலி போட்டு, தறிகளை என்ன விலைக்குத் தள்ளிவிடலாம் என்று இரண்டு மாதம் பேசினார்கள். அவருக்குத்தான் ஒன்றும் தெரியாதே! ஒரு நாள் புரோக்கர் எடைக்குப் போடும் விலை சொன்னபோது பெரியப்பா இடது கையால் கட்டில் சட்டத்தை ஓங்கி அடித்தார். ஃபிட்ஸ் வருகிறது என்று பயந்து போய் அவரைப் பிடித்துக்கொண்டார்களாம்.

1861-ல் பாரிஸ் டாக்டர் பால் ப்ரோக்கா பார்த்த ஒரு நோயாளி வாயில் 'டான்' என்ற ஒரு சத்தம்தான் வந்தது. மற்றவர்கள் சொல்வது அவருக்குப் புரிந்தது. இறந்த பிறகு பார்த்தால் இடது பக்க மூளையின் முன்பகுதியில் சேதம். அதிலிருந்துதான் பேச்சுக்கு மூளையில் தனி இடம் உண்டென்று வைத்தியம் கற்றுக்கொண்டது. எல்லாருக்கும் இப்படி என்றில்லை, சில பேருக்குப் புரிந்துகொள்வதும் போகும். பெரியப்பாவுக்கு எந்த வகை என்று கண்டுபிடித்தது, இரண்டு மாதம் கழித்து வீட்டுக்கு வந்த பேச்சுப் பயிற்சிப் பெண். இருபத்தைந்து வயதுகூட இருக்காது. நானும் அன்று இருந்தேன்.

"அய்யா, கண்ணை மூடுங்க" என்றாள். மூடினார்.

"கதவு எங்கீங்க?" இடது கையை நீட்டிக் காட்டினார்.

"உங்களுக்குத் தறி எத்தனைங்கய்யா?"

ஐந்து விரலைக் காட்டினார். மடக்கிவிட்டு, மூன்று விரலைக் காட்டினார்.

வீட்டில் சத்தமே இல்லை. தம்பி எழுந்து வெளியே போய்விட்டான். பெரியம்மா கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்தார். "அப்ப, நான் இத்தன நாளு பேசினதெல்லாம் கேட்டுட்டுத்தான் படுத்திருந்தீங்களா?"

பெரியப்பா இடது கையை லேசாக ஆட்டினார்.

"போச்சு" என்றார்.